வெள்ளை உறைக்குள் ஏழு பாடல்கள்: டைமண்ட் ஹெட் குழுவின் முதல் இசைத்தட்டு குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹெவி மெட்டல் என்ற கனமான கிட்டார் ஒலி கொண்ட ராக் இசையைக் கேட்கத் தொடங்கும் நண்பர்களுக்கு நான் பல ஆண்டுகளாக ஒரே தட்டைத்தான் முதலில் போட்டுக் காட்டுகிறேன். 1980-இல் இங்கிலாந்தில் நான்கு இளைஞர்கள் எந்தப் பெரிய இசை நிறுவனத்தின் துணையும் இல்லாமல் வெளியிட்ட தட்டு அது. கேட்டு முடித்ததும் நண்பர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. அவற்றையும் எனக்குத் தெரிந்த பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

இது எந்தத் தட்டு? இதற்குப் பெயர் என்ன?

டைமண்ட் ஹெட் என்ற குழுவின் முதல் முழுநீள இசைத்தட்டு. இன்று எல்லோரும் இதை 'லைட்னிங் டு தி நேஷன்ஸ்' என்று அழைக்கிறார்கள். ஆனால் முதலில் வெளிவந்தபோது இதற்குப் பெயரே கிடையாது. உறை வெறும் வெள்ளை அட்டை. படம் இல்லை, குழுவின் பெயர் இல்லை, பாடல் பட்டியலும் இல்லை. ஒவ்வொரு பிரதியிலும் குழுவினர் நால்வரில் யாராவது ஒருவர் பேனாவால் கையெழுத்துப் போட்டிருந்தார். யாருடைய கையெழுத்து வரும் என்பது வாங்குபவரின் அதிர்ஷ்டம். முதலில் அச்சானவை 1,000 பிரதிகள்.

மொத்தம் ஏழு பாடல்கள், சுமார் 42 நிமிடங்கள். முதல் பாடலின் பெயரே பின்னாளில் தட்டின் பெயராகிவிட்டது. பழைய ரசிகர்கள் இன்றும் 'வெள்ளைத் தட்டு' என்றே சொல்கிறார்கள்.

உறையில் ஏன் ஒன்றுமே அச்சிடவில்லை? கலை நோக்கமா?

இல்லை, பணமும் கணக்கும்தான் காரணம். குழுவை அப்போது நிர்வகித்தவர்கள் இருவர். ஒருவர் ரெஜ் ஃபெல்லோஸ், அட்டைப்பெட்டித் தொழிற்சாலை நடத்தியவர். மற்றவர் லிண்டா ஹாரிஸ், பாடகர் ஷான் ஹாரிஸின் தாயார். பதிவைக் குழுவே முடித்துவிட்டால், ஏதாவதொரு பெரிய நிறுவனம் அதை அப்படியே எடுத்துக்கொண்டு உறையை மட்டும் தன் விருப்பப்படி அச்சிட்டு வெளியிடும் என்று அவர்கள் நம்பினார்கள். அதுவரை உறைக்குச் செலவு செய்வது வீண் என்று பட்டது.

அந்த நிறுவனம் வரவில்லை. ஆகவே வெள்ளை உறையோடே தட்டு வெளியில் போனது. வூஸ்டர் நகரில் தட்டு பதிவான 'ஓல்ட் ஸ்மித்தி' ஸ்டூடியோவின் உரிமையாளரே 'ஹாப்பி ஃபேஸ்' என்ற சிறு லேபிளையும், அதாவது தட்டு வெளியிடும் நிறுவனத்தையும், வைத்திருந்தார். அதன் பெயரில்தான் வெளியீடு நடந்தது. ஏழே நாட்களில் முழுத் தட்டையும் பதிவு செய்து முடித்திருந்தார்கள்.

இவர்கள் யார்? எந்த ஊர்க்காரர்கள்?

பர்மிங்ஹாமுக்கு அருகில் உள்ள ஸ்டௌர்பிரிட்ஜ். கண்ணாடித் தொழிலுக்குப் பெயர்போன சிற்றூர். அங்கே பள்ளித் தோழர்களான பிரையன் டாட்லர் கிட்டாரும் டங்கன் ஸ்காட் டிரம்ஸும் வாசிக்க, 1976-இல் குழு தொடங்கியது. பாடகராக ஷான் ஹாரிஸும் தாழ்ந்த சுரங்களை வாசிக்கும் பேஸ் கிட்டாருக்குக் காலின் கிம்பர்லியும் சேர்ந்தார்கள். ஆலைகளும் உலைகளும் நிறைந்த இந்தப் பகுதியிலிருந்துதான் பிளாக் சபாத், ஜூடாஸ் பிரீஸ்ட் என்ற முன்னோடி மெட்டல் குழுக்களும் வந்தன. ஆகவே கனமான கிட்டார் ஒலி இந்தப் பிள்ளைகளுக்கு அடுத்த தெரு சங்கதி.

இதுதான் அவர்களின் முதல் வெளியீடா?

முதல் முழுநீளத் தட்டு இதுதான். இதற்குச் சற்று முன்னதாக, அதே 1980-இல், 'ஷூட் அவுட் தி லைட்ஸ்' என்ற பாடலைச் சிறு தட்டாக வெளியிட்டிருந்தார்கள்.

அந்தக் காலத்தில் குழுக்கள் தாங்களே தட்டு வெளியிடுவது வழக்கமா?

அப்போதுதான் வழக்கமாகத் தொடங்கியிருந்தது. பங்க் இசைக்குழுக்கள் அந்தக் கதவை ஏற்கனவே திறந்து வைத்திருந்தன. ஸ்டூடியோவை நாள் கணக்கில் வாடகைக்கு எடுக்கலாம், ஆயிரம் தட்டு அச்சிடலாம், கச்சேரியிலும் தபாலிலும் விற்கலாம். இதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை என்று அவை காட்டியிருந்தன. மெட்டல் குழுக்கள் அதே வழியைப் பிடித்துக்கொண்டன.

1979-இன் தொடக்கத்தில் ஷெஃபீல்டின் டெஃப் லெப்பர்ட் குழு தன் சொந்த லேபிளில், சில பாடல்களே கொண்ட ஒரு சிறு தட்டை வெளியிட்டது. அதே ஆண்டு நவம்பரில் அயர்ன் மெய்டன் என்ற லண்டன் குழு 'தி சவுண்ட்ஹவுஸ் டேப்ஸ்' என்ற தட்டைத் தானே அச்சிட்டது. அதன் கதையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். 1978 டிசம்பர் கடைசி இரண்டு நாட்களில், கேம்பிரிட்ஜில் ஒரு ஸ்டூடியோவில் நான்கு பாடல்களைப் பதிவு செய்தார்கள். பதிவு நாடாவை லண்டனில் கிங்ஸ்பரியில் இருந்த 'சவுண்ட்ஹவுஸ்' என்ற ராக் இசைக்கூடத்தை நடத்திய நீல் கே என்பவரிடம் கொடுத்தார்கள். அவர் அதை அங்கே ஒலிபரப்பினார். அங்கு வரும் ரசிகர்கள் கேட்ட பாடல்களின் வரிசைப் பட்டியல் 'சவுண்ட்ஸ்' வார இதழில் அச்சாகும். அதில் அந்த நான்கு பாடல்களில் ஒன்றான 'பிரவ்லர்' முதலிடம் பிடித்தது. தட்டு எங்கே கிடைக்கும் என்று ரசிகர்கள் கேட்கத் தொடங்கிய பிறகே தட்டு அச்சானது, அதுவும் 5,000 பிரதிகள் மட்டும். நான்கில் ஒரு பாடலின் பதிவு திருப்தி தராததால் அதை விட்டுவிட்டு மூன்றை மட்டும் வெளியிட்டார்கள்.

கேட்பவர்கள் முதலில், தட்டு பிறகு. இந்த வரிசை எனக்கு மிகவும் பிடித்தது.

இந்தக் குழுக்கள் அனைத்துக்கும் சேர்த்து 'பிரிட்டிஷ் ஹெவி மெட்டலின் புதிய அலை' என்ற பெயர் நிலைத்தது. 1979 மே மாதம் 'சவுண்ட்ஸ்' இதழில் ஜெஃப் பார்ட்டன் எழுதிய கட்டுரையோடு அது புழக்கத்துக்கு வந்தது.

உறையில் பெயர்கூட இல்லாத தட்டை யார், எப்படிக் கண்டுபிடித்து வாங்கினார்கள்?

இரண்டு வழிகள். கச்சேரி முடிந்ததும் மேடை அருகிலேயே வாங்குவது ஒன்று. 'சவுண்ட்ஸ்' இதழில் வந்த சிறு விளம்பரத்தைப் பார்த்து 3 பவுண்டு 50 பென்ஸ் அனுப்பி, தபாலில் வரவழைப்பது மற்றொன்று. விளம்பரம் சில வாரங்களே வந்தது. அந்த வார இதழைத் தவறவிட்டால் தட்டு இருப்பதே தெரியாமல் போயிருக்கும்.

கேட்காத தட்டுக்கு ஒருவர் முன்பணம் அனுப்புகிறார், பிறகு வாரக்கணக்கில் தபால்காரரை எதிர்பார்த்திருக்கிறார். இலங்கை வானொலிக்கு அஞ்சலட்டை எழுதிப் போட்டுவிட்டு, தன் பெயரும் பாட்டும் வருமா என்று வானொலிப் பெட்டியின் அருகிலேயே உட்கார்ந்திருந்த தலைமுறை நம்மிடமும் உண்டு. அவர்களுக்கு இந்தக் காத்திருப்பின் சுவையை நான் விளக்க வேண்டியதில்லை.

மெட்டாலிகாவுக்கும் இந்தத் தட்டுக்கும் என்ன தொடர்பு?

இந்தப் பதில் நீளும்.

டென்மார்க்கில் பிறந்து, குடும்பத்தோடு கலிஃபோர்னியாவுக்குக் குடியேறிய லார்ஸ் உல்ரிச் என்ற பையன், இங்கிலாந்தின் இந்தப் புதிய குழுக்களின் மீது பைத்தியமாக இருந்தான். டென்னிஸ் வீரரின் மகன். அவனும் டென்னிஸ் ஆட்டக்காரனாக வருவான் என்றுதான் வீட்டில் நினைத்தார்கள். தபாலில் வெள்ளைத் தட்டை வரவழைத்தவர்களில் அவனும் ஒருவன். கேட்டதோடு நிற்கவில்லை. 1981 கோடையில், 17 வயதில், விமானம் ஏறி லண்டன் வந்து, வூல்விச் ஓடியன் அரங்கில் டைமண்ட் ஹெட் கச்சேரியைப் பார்த்தான். கச்சேரி முடிந்ததும் மேடைக்குப் பின்னால் போய்த் தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டான். தங்க இடமில்லை என்று தெரிந்ததும் குழுவினர் அவனைத் தங்கள் ஊருக்கே அழைத்துப் போனார்கள். டாட்லரின் வீட்டிலும் பிறகு ஹாரிஸின் வீட்டிலும் தங்கினான். அவர்கள் பாட்டு எழுதுவதையும் ஒத்திகை பார்ப்பதையும் பக்கத்திலிருந்து பார்த்தான்.

கலிஃபோர்னியாவில், சேர்ந்து வாசிக்க ஆள் தேடி ஓர் உள்ளூர் விளம்பர இதழில் அவன் அறிவிப்பும் கொடுத்திருந்தான். தனக்குப் பிடித்த குழுக்கள் என்று அதில் குறிப்பிட்டவற்றில் டைமண்ட் ஹெட்டும் அயர்ன் மெய்டனும் இருந்தன. அதே 1981-இல் ஜேம்ஸ் ஹெட்ஃபீல்டும் அவனும் சேர்ந்து தொடங்கிய குழுதான் மெட்டாலிகா.

மெட்டாலிகாவின் ஆரம்பக் கச்சேரிகளில் பாதிக்கும் மேல் பிறர் பாடல்கள். அவற்றில் டைமண்ட் ஹெட்டின் பங்கு பெரிது. பிறகு பதிவுகளும் வந்தன. 1984-இல் 'ஆம் ஐ ஈவில்?', 1987-இல் 'ஹெல்ப்லெஸ்', 1988-இல் 'தி பிரின்ஸ்', 1998-இல் 'இட்ஸ் எலெக்ட்ரிக்'. ஏழு பாடல்கள் கொண்ட தட்டிலிருந்து நான்கை உலகின் மிகப் பெரிய மெட்டல் குழு திரும்பப் பாடியிருக்கிறது. ஆயிரம் பிரதிகளில் ஒன்று சரியான வீட்டுக்குப் போய்ச் சேர்ந்ததன் விளைவு இது.

'ஆம் ஐ ஈவில்?' பாட்டில் அப்படி என்ன இருக்கிறது?

நான் இதை முதலில் மெட்டாலிகா பாடித்தான் கேட்டேன், கல்லூரி நண்பன் ஒருவன் பதிந்து கொடுத்த கேசட்டில். அவன் கேசட் அட்டையில் பாட்டின் பெயரைப் பென்சிலால் எழுதியிருந்தான், இயற்றியவர் பெயரை எழுதவில்லை. பல ஆண்டுகள் அது மெட்டாலிகாவின் சொந்தப் பாட்டு என்றே நம்பியிருந்தேன். மூலத்தைக் கேட்ட இரவு இன்னும் நினைவிருக்கிறது. பாட்டு முடிந்ததும் ஹெட்ஃபோனைக் கழற்றாமல் மறுபடி முதலிலிருந்து போட்டேன்.

தொடக்கத்தில் கிட்டாரும் பேஸும் டிரம்ஸும் ஒன்றாகச் சேர்ந்து ஒரே தாளக்கட்டை அறைகின்றன. போருக்குக் கிளம்பும் முரசைப் போன்ற அந்தத் தாளம், குஸ்தாவ் ஹோல்ஸ்ட் என்ற ஆங்கில இசையமைப்பாளர் 1914-இல் எழுதிய 'செவ்வாய்' என்ற இசைப் பகுதியிலிருந்து வந்தது. கோள்களின் பெயரில் அவர் அமைத்த தொகுப்பில் போர்க்கடவுளுக்கு உரிய பகுதி அது. அதன் பிறகு கிட்டார் மட்டும் தனியாக, விரல்கள் பறக்கும் வேகத்தில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு இறங்குகிறது. இறங்கும் இடத்தில் பாட்டின் ஆதாரமான ரிஃப் காத்திருக்கிறது. ரிஃப் என்பது கிட்டாரில் திரும்பத் திரும்ப வரும் சிறு சுரக்கட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். நமது இசையில் பல்லவி எப்படிக் காதில் உட்கார்ந்துகொள்கிறதோ, மெட்டலில் ரிஃப் அப்படி.

இந்த ரிஃப் அவசரப்படுவதில்லை. பாரம் ஏற்றிய வண்டி மேட்டில் ஏறுவதுபோல் அடிமேல் அடியாக நகர்கிறது. பாட்டின் பின்பாதியில் அதே வண்டி சரிவில் இறங்குகிறது. தாளம் மாறி, வேகம் கூடி, டாட்லரின் நீண்ட கிட்டார்த் தனி வருகிறது. வேகத்துக்காக மட்டும் வாசிப்பவர்கள் கிட்டார்த் தனியை எங்கே வேண்டுமானாலும் நிறுத்திவிடலாம். டாட்லரின் தனியில் ஒரு வரியை எடுத்தாலும் அடுத்த வரி நிற்காது, ஒரு வாக்கியம்போலக் கட்டியிருக்கிறார். மொத்தம் ஏழே முக்கால் நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு, எனக்கு அது எப்போதும் நான்கு நிமிடமாகத்தான் தோன்றுகிறது.

மெட்டாலிகாவின் வாசிப்பு இறுக்கமானது, முனை கூர்மையானது. மூலத்தில் ஒரு தளர்வு, ஓர் ஆட்டம் இருக்கிறது. ஹாரிஸின் குரல் உயரத்துக்குப் போகும்போது மெல்லிய நடுக்கம் வருகிறது. எனக்கு மூலமே மேல்.

வரிகளில் சூனியம், தீமை என்றெல்லாம் வருகிறதே. இது சாத்தான் வழிபாட்டு இசையா?

பெற்றோர்களிடமிருந்து இந்தக் கேள்வி வரும், நியாயமான கேள்விதான். பாட்டில் பேசுபவன், சூனியக்காரி என்று சொல்லி உயிரோடு எரிக்கப்பட்ட ஒரு தாயின் மகன். பழிவாங்கக் கிளம்புகிறவன், நான் தீயவனா என்று கேட்டுக்கொள்கிறான். கணவனை அநியாயமாகக் கொன்றதற்காக மதுரையை எரித்தவளின் கதையைப் பாடமாகப் படித்தவர்கள் நாம். இந்தப் பாத்திரத்தின் கோபம் நமக்குப் புரியாததல்ல. இது கதைப்பாட்டு. வழிபாடு எதுவும் இதில் இல்லை.

முதல் முறை கேட்டேன், இரைச்சலாகத்தான் இருந்தது. என்ன செய்வது?

கைபேசியின் ஒலிபெருக்கியில் கேட்டிருப்பீர்கள். அதில் பேஸ் கிட்டார் கேட்பதே இல்லை. மெட்டலில் பேஸ் போய்விட்டால் மிச்சம் இரைச்சல்தான். நல்ல ஹெட்ஃபோனில், மிதமான சத்தத்தில், 'இட்ஸ் எலெக்ட்ரிக்' பாட்டிலிருந்து தொடங்குங்கள். மூன்றரை நிமிடம்தான், துள்ளலானது. அடுத்து 'ஹெல்ப்லெஸ்'. அதில் கிட்டாரை மறந்துவிட்டு டிரம்ஸை மட்டும் ஒரு முறை பின்தொடருங்கள். மூன்றாவதாக 'ஆம் ஐ ஈவில்?'. முதல் பக்கத்தின் கடைசிப் பாடல் ஒன்பது நிமிடத்துக்கும் மேல் போகும், அதைப் பிறகு வைத்துக்கொள்ளலாம். 'ஸ்வீட் அண்ட் இன்னசன்ட்' சாதாரணமான பாட்டு. தட்டின் பலவீனமான இடம் அதுதான் என்பது என் கருத்து.

இந்த வரிசையில் காது பழகிய பிறகு, ஒரு மாலையில் முழுத் தட்டையும் முதலிலிருந்து கேளுங்கள்.

மூல நாடா தொலைந்துபோனது என்கிறார்களே, உண்மையா?

உண்மை. 1981-இல் ஜெர்மனியின் 'வூல்ஃப்' என்ற நிறுவனம் இந்தத் தட்டைப் புதிய உறையோடு வெளியிட்டது. அதற்காக மூல நாடாவையே அனுப்பிவைத்தார்கள். அது திரும்பி வரவில்லை. ஒரு குழுவின் கையில் இருந்த மிக விலையுயர்ந்த பொருள் அந்த நாடா. நகலை அனுப்பாமல் மூலத்தையே அனுப்பியது எவ்வளவு பெரிய இழப்பு என்று பிறகுதான் தெரிந்தது. கிட்டத்தட்ட பத்து ஆண்டுகள் கழித்து, புதிய அலைக் குழுக்களின் பாடல்களை ஒரு தொகுப்பாக வெளியிட முனைந்த லார்ஸ் உல்ரிச்சின் முயற்சியில்தான் நாடா மீண்டும் கிடைத்தது. தொகுப்பு 1990-இல் வெளிவந்தது. தபாலில் தட்டு வாங்கிய அதே பையன்.

அயர்ன் மெய்டனுக்கு இதைவிட மோசம். ஸ்டூடியோவில் பதிந்த மூல நாடாவை வாங்க அவர்களிடம் அப்போது பணம் இல்லை. இரண்டு வாரம் கழித்துப் போனபோது நாடா அழிக்கப்பட்டு வேறு பதிவுக்குப் பயன்பட்டிருந்தது.

சொந்தமாகப் பதிவு செய்யும் இளைஞர்கள் யாராவது இதைப் படித்தால்: கோப்புகளை இரண்டு இடங்களில் பத்திரப்படுத்துங்கள், இன்றே.

டைமண்ட் ஹெட்டுக்குப் பிறகு என்ன ஆயிற்று?

பிறகு எம்.சி.ஏ. என்ற பெரிய நிறுவனம் அவர்களை எடுத்துக்கொண்டது. 1982-இல் வந்த 'பாரோட் டைம்' தட்டு பிரிட்டிஷ் விற்பனைப் பட்டியலில் 24-ஆம் இடம் வரை போனது. 1983-இல் அடுத்த தட்டு 'கான்டர்பரி' வந்தது. அதன் முதல் பிரதிகள் பலவற்றில் அச்சுக் குறையால் ஊசி தாவியது. அந்தத் தட்டின் வேலை நடந்துகொண்டிருந்தபோதே டிரம்ஸ்காரரும் பேஸ்காரரும் விலகிவிட்டார்கள். 1985 வாக்கில் குழு கலைந்தது. தொண்ணூறுகளில் மீண்டும் கூடியது, மறுபடி பிரிந்தது, மறுபடி கூடியது. 1993-இல் மில்டன் கீன்ஸ் திடலில் மெட்டாலிகாவுக்கு முன்னால் மேடை ஏறினார்கள். டாட்லர் மட்டும் தொடக்கத்திலிருந்து இன்றுவரை விடாமல் வாசித்துக்கொண்டிருக்கிறார்.

2010 ஜூன் மாதம் பல்கேரியாவின் சோஃபியா நகரில் மெட்டாலிகா, மெகாடெத், ஆந்த்ராக்ஸ், ஸ்லேயர் ஆகிய நான்கு குழுக்களின் கலைஞர்களும் ஒரே மேடையில் சேர்ந்து ஒரு பாட்டு வாசித்தார்கள். அவர்கள் தேர்ந்தெடுத்தது 'ஆம் ஐ ஈவில்?'.

இன்று எந்தப் பதிப்பைக் கேட்கலாம்?

1980-இல் பதிவான மூலத்தையே கேளுங்கள். இணைய இசைச் சேவைகளில் கிடைக்கிறது. 2020-இல் அதே ஏழு பாடல்களையும் குழு மறுபடி வாசித்துப் பதிவு செய்தது. பாடியவர் ராஸ்மஸ் போம் ஆண்டர்சன், அவரும் ஒரு டென்மார்க்காரர். ஒலி துல்லியமாக இருக்கிறது, வாசிப்பும் குறையில்லை. ஆனாலும் இருபது வயதுக்காரர்களின் பசி மூலத்தில்தான் கேட்கிறது.

கையெழுத்திட்ட அசல் தட்டை வாங்க நினைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. வெள்ளை அட்டையும் பேனாக் கையெழுத்தும் யாரும் போலியாகச் செய்யக்கூடியவை. தட்டின் நடுவே, ஒட்டப்பட்ட காகிதத்தைச் சுற்றியுள்ள வெற்று வளையத்தில் கீறப்பட்டிருக்கும் எண்ணைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். சேகரிப்பாளர்களின் பதிவேடுகளோடு ஒப்பிட்ட பிறகே பணம் கொடுங்கள்.

இதுபோன்ற ஒரு புதிய குழுவின் முதல் வெளியீட்டை இன்று நான் எப்படிக் கண்டுபிடிப்பது?

'சவுண்ட்ஸ்' விளம்பரத்தின் இடத்தில் இன்று பேண்ட்கேம்ப் இருக்கிறது. 2008-இல் தொடங்கிய இந்தத் தளத்தில் பெரும்பாலான தட்டுகளை வாங்கும் முன்பே கேட்டுப் பார்க்கலாம். இணையக் கோப்பாக வாங்கினால் தளம் எடுப்பது 15 சதவீதம், மிச்சத்தில் பணம் செலுத்தும் கட்டணம் போக மற்றதெல்லாம் குழுவுக்கு. 2020 மார்ச் முதல் குறிப்பிட்ட சில வெள்ளிக்கிழமைகளில் அந்தப் பங்கையும் விட்டுக்கொடுக்கிறார்கள். நான் வாங்க நினைப்பதை அந்த நாட்களுக்கென்று சேர்த்து வைப்பேன்.

ஒரு வழி சொல்கிறேன், எனக்குப் பலமுறை பலித்தது. உங்களுக்குப் பிடித்த சிறு குழுவின் தட்டில் ஒலிப்பதிவு செய்தவர் யார் என்று பாருங்கள். அவர் வேறு யாருக்குப் பதிவு செய்திருக்கிறார் என்று தேடுங்கள். ஒரே ஊரின் சிறு குழுக்கள் பெரும்பாலும் ஒரே ஒலிப்பதிவாளரிடம்தான் போகும். ஒரு பெயரைப் பிடித்தால் ஐந்து குழுக்கள் கிடைக்கும்.

முதல் தட்டு என்றால் தயங்க வேண்டாம். பல ஆண்டுகள் மேடையில் வாசித்து, எது கூட்டத்தை அசைக்கிறது என்று பார்த்துத் தேர்ந்த பாடல்கள்தான் முதல் தட்டில் வரும். இரண்டாவது தட்டுக்கு அந்த அவகாசம் கிடைப்பதில்லை.

நம் நாட்டில் அப்படி ஒரு குழு உண்டா?

டெல்லியின் பிளட்டிவுட். 'டோல்' என்ற பஞ்சாபி மேளமும் புல்லாங்குழலும் கனமான கிட்டாரோடு கலக்கும் குழு. 2019-இல் ஜெர்மனியின் வாக்கன் மெட்டல் விழாவில் வாசித்தார்கள். அவர்களின் சொந்தப் பாடல்கள் கொண்ட முதல் முழுநீளத் தட்டு 'ரக்‌ஷக்' 2022 பிப்ரவரியில் எந்த நிறுவனத்தின் துணையும் இல்லாமல் வெளிவந்தது. இந்தியும் பஞ்சாபியும் ஆங்கிலமும் கலந்த வரிகள். முதலில் 'கத்தார்' பாட்டைக் கேளுங்கள்.